வலப்பக்கத்துப் பொக்கெட்டு

அன்புள்ள மகனுக்கு,

உன் காய்ச்சல் எப்படி இருக்கிறது? இன்றைக்கு உனக்கு இருக்கும் காய்ச்சலைக் கேட்கவில்லை. உன் கடிதத்தின் எழுத்தைப் பார்த்தால் நீ கொட்டாஞ்சேனை அறையில் மூன்று வேளையும் தின்று சுகமாகத்தான் இருக்கிறாய். வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, கட்டுகஸ்தோட்டைக்குப் பெண் பார்க்கப் போகவேண்டிய அன்று காலையில், உனக்கு வரப்போகிற காய்ச்சலைத்தான் விசாரிக்கிறேன். "காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள் அப்பா, கொழும்புக் கோட்டையில் ஒரு நல்ல கடையில் சூட் தைத்து முடியும்வரை அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கமாட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு நாள் முன்னதாகவே நாள் குறித்துக்கொண்டு வருகிற காய்ச்சலைக் கண்டி ஆஸ்பத்திரி டாக்டர்மாரும் கண்டிருக்கமாட்டார்கள். கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஒங்க காய்ச்சலேதாங்க. அச்சு அசலா எறங்கியிருக்கு" என்றாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும். கந்தோரில் துரை பார்க்காத நேரமாகப் பார்த்து வாசி.

முதலில் நிலைமையைச் சொல்கிறேன். ஒருமுறை நாள் தள்ளிவிட்டோம், உனக்குக் கந்தோரில் கணக்கு முடிக்கிற வேலை என்று. அது உண்மை, அவர்களும் நம்பினார்கள். இரண்டாம் முறையும் தள்ளினால் நமக்கு மனமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எந்தப் பெண் வீட்டாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். கம்பளையில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை வேறு காத்திருக்கிறார் என்று கேள்வி. அவருக்கு நாலு கோட்டு இருக்கிறதாம். நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாலும் அவருக்குத் தோள் என்று ஒன்று வராது என்பது நான் விசாரித்து அறிந்த இன்னொரு செய்தி. ஆனால் அவர் வரச்சொன்ன நாளில் வந்து நிற்பார். நீயோ அந்தோனியார் திருவிழாவில் பிலோமினாவைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த மெழுகுதிரி உருகி விரலில் ஊற்றியதுகூடத் தெரியாமல் நின்றவன். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? உனக்குப் பிடித்த பெண்ணை ஒரு கோட்டுக்காக விட்டுவிடப் போகிறாய். அந்த மாதிரி முட்டாள்தனத்தில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு, ஆகவே பேசத் தகுதியும் உண்டு.

நடுவறையில் மாட்டியிருக்கிறதே, நீ கோயிலில் முதல்நன்மை வாங்கிய அன்று எடுத்த படம், அதை நினைத்துப் பார். அம்மா கதிரையில் இருக்கிறாள், நீ பக்கத்தில் மெழுகுதிரியோடு நிற்கிறாய், நான் கதிரைக்குப் பின்னால் அதன் முதுகில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஒரு மாதிரி சாய்ந்து நிற்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் "என்ன எடுப்பாக நிற்கிறார்" என்று சொல்வார்கள், நானும் மீசையைத் தடவிக்கொள்வேன். இன்று உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கோட்டு நீல சேர்ஜ். நல்ல கோட்டு ஒன்றின் விலைக்கு மூன்று கோட்டு வாங்கலாம் என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி, மூன்றில் முதலாவதாக வாங்கியது. கோயிலில் இருந்து குளக்கரை வழியாக ஸ்டூடியோவுக்கு நடந்துவரும்போது மழை பிடித்துக்கொண்டது. கண்டி மழையைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஸ்டூடியோவுக்குள் ஏறிக் குனிந்து பார்க்கிறேன், என் வெள்ளை ட்ரில் களிசானில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை நீலம். படம் பிடிக்கிறவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், நீங்க கதிரைக்குப் பின்னுக்கு நின்டா நல்லா இருக்கும்" என்றார். உன் அம்மா உட்கார்ந்தபடியே சேலையை இரண்டு பக்கமும் அகல விரித்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் அவள் எனக்குச் செய்த பெரிய உபகாரங்களில் அதுவும் ஒன்று.

ஆகவே துணி வாங்கும்போது, கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும், ஒரு மூலையை எச்சில் தொட்டு, முகம் துடைக்கிற உன் லேஞ்சியில் அழுத்தித் தேய்த்துப் பார். சாயம் லேஞ்சிக்கு வந்தால் நாளைக்குக் களிசானுக்கும் வரும். பிறகு துணியைக் கைக்குள் கசக்கி, பத்து எண்ணி, விடு. நல்ல துணி மெதுவாக மூச்சு விட்டு நிமிரும். கெட்ட துணி கசங்கினபடியே கிடக்கும். இந்தப் பாடத்தை நான் அன்றே படித்திருக்கலாம். ஆனால் அந்த நீலக் கோட்டைக் கறுப்புச் சாயம் போடக் கொடுத்துத் திருத்தலாம் என்று எனக்கொரு புத்தி போயிற்று. போன கோட்டு திரும்பிவந்தபோது கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிட்டது.

அந்த வாரம்தான் புசல்லாவையில் உன் மாமாவுக்குக் கலியாணம். அம்மாவின் ஒரே அண்ணன், தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, தங்கச்சி வீட்டுக்காரர் என்றால் உயிரை விடுகிற மனுஷன். "வேட்டியும் சால்வையும் போட்டுக்கிட்டு வாங்க, அங்க யாரு கோட்டப் பாக்கப் போறா" என்று அம்மா மூன்று நாள் சொன்னாள். நான் வழக்குப் பார்க்கிற புரொக்டர் கந்தோர் கிளார்க்கு. அந்தத் தோட்டத்துப் பெரிய கிளார்க்கு வருவார், பள்ளிக்கூட மாஸ்டர் வருவார், அவர்களுக்கு நடுவில் நான் வேட்டியோடு நிற்பதா? கலியாணத்தன்று காலை எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். உனக்கு அந்தக் கலியாணத்தில் தின்ற தொதல் மட்டும் ஞாபகம் இருக்கும். நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். மாப்பிள்ளை தன் பக்கத்தில் ஒரு கதிரையை யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தாராம். கேட்டவர்களிடமெல்லாம் "மச்சான் அடுத்த பஸ்ல வந்துருவாரு" என்றாராம். ரோட்டில் பஸ் சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் மாலையும் கழுத்துமாக எட்டிப் பார்த்தாராம். கடைசி பஸ்ஸும் போனபிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாராம்.

ஒரு மாதம் கழித்து, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், அங்கே போனேன். கோட்டு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் கோபப்படவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, "கோட்டுக்கா மச்சான் கடுதாசி போட்டேன்? ஒங்களுக்குல்ல போட்டேன்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சை நான் இத்தனை வருஷமாக எந்த அலுமாரியிலும் பூட்டிவைக்க முடியாமல் அலைகிறேன். பிறகு அவரே என் சங்கடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு, "அது போகட்டும், நம்ம தொர சீமைக்குப் போறாரு. சாமானெல்லாம் பங்களாவுல ஏலம். வர்ற சனிக்கெழம வாங்க, ஒங்களுக்கு ஒரு கோட்டு எடுத்துத் தர்றேன்" என்றார்.

ஏலத்தில் ஊரே கிராமபோனுக்கும் கண்ணாடி அலுமாரிக்கும் அடித்துக்கொண்டது. மாமா என்னைத் தோளைப் பிடித்துத் தள்ளி, புல்தரையில் குவித்திருந்த துணிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அதில் இருந்தது அந்தச் சாம்பல் நிறக் கோட்டு. துரை ஆறடிக்குமேல், நான் எவ்வளவு என்பது உனக்குத் தெரியும். போட்டுப் பார்த்தேன். "தொர உள்ளுக்குத்தான் இருக்காரா மச்சான்?" என்று கேட்டார் மாமா. ஆனால் துணி அப்படிப்பட்ட துணி, கசக்கினால் கையைத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்தது. பெரிய ஆளின் உடுப்பைச் சின்ன ஆளுக்குச் சின்னதாக்கலாம், மறுபக்கம் நடக்காது. இதை எழுதி வைத்துக்கொள். குவியலில் கிடந்த ஒரு வரிபோட்ட கழுத்துப்பட்டியையும் ஆசைப்பட்டு எடுத்துவந்தேன். அடுத்த மாதம் புரொக்டர் ஐயாவைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் அதைக் கண்டதும் எழுந்து கையைக் கொடுத்து, நான் எந்தச் சண்டையில் இருந்தேன் என்று கேட்டார். அந்த வரிகள் ஏதோ ஒரு பட்டாளத்தின் வரிகளாம். எனக்குத் தெரிந்த சண்டை கந்தோரில் ஜன்னலோரக் கதிரைக்கு நடக்கும் சண்டை ஒன்றுதான். ஆகவே கழுத்துப்பட்டி வாங்கும்போது வரிபோட்டது வேண்டாம். வரி இல்லாமல் இரண்டு போதும், ஒன்று கருநீலம், ஒன்று மரூன்.

கோட்டைக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் தையல்கார ஹமீது நானாவிடம் கொண்டுபோனேன். நீ அவரைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசுவார். அவர் கோட்டை மடியில் போட்டு உள்தையலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கிளாக்கரய்யா, இதுல ஒங்களப் போல ரெண்டு பேருக்குத் துணி ஈக்குது" என்றார். மிச்சத்தை வெட்டி எடுத்துவிடுங்கள் என்றேன். "வெட்டினா போயிரும். உள்ளுக்கு மடிச்சுத் தச்சுத் தாறேன். மகன் ஒசந்து வாறான் தானே" என்றார். உனக்கு அப்போது பத்து வயது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, ஊசி வாயில் இருந்தது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கோட்டையில் தைத்தால்தான் கோட்டா? உன் சம்பளத்தில் ஒரு மனிதன் கௌரவமாக உடுக்கலாம், ஆனால் ஒரே நாளில் அல்ல. கோட்டு ஒன்று போதும், சாம்பல் நிறத்தில். கறுப்பு போட்டால் யார் செத்தது என்று கேட்பார்கள், தவிட்டு நிறம் போட்டால் இன்ஷுரன்ஸ் விற்கிறவர் என்று கதவைச் சாத்துவார்கள். ஒரு கோட்டுக்கு இரண்டு களிசான் தைத்துக்கொள். கிளார்க்குமாரின் உழைப்பெல்லாம் தேய்ந்து தெரிவது பின்பக்கத்தில்தான். வெள்ளை ட்ரில்லில் இரண்டு சோடி, வாரத்துக்கு அதுவே காணும். சேர்ட் மூன்று, ஆனால் கழற்றி மாட்டுகிற கொலர் ஆறு. கொலர் வெளுப்பாக இருந்தால் சேர்ட்டை யாரும் பார்ப்பதில்லை, கோட்டுக்குள்ளே ஒட்டுப் போட்டிருந்தாலும் அது உனக்கும் டோபிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. கை கொஞ்சம் தாராளமாக இருக்கவேண்டிய இடம் சப்பாத்து. இரண்டு சோடி வாங்கி நாள் மாற்றி நாள் போடு, போடாத நாளில் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து வை. நான் பெண் பார்க்கப் போன அன்று அம்மா முதலில் பார்த்தது சப்பாத்தைத்தானாம். "மொகத்தப் பாக்க வெக்கமா இருந்துச்சு, வேற எதப் பாக்குறது?" என்கிறாள். நல்ல வேளை, அன்றைக்கு நான் என் சிநேகிதனின் சப்பாத்தில் இருந்தேன். ஒரு சைஸ் சின்னது. நான் அன்று காட்டிய அடக்கமான நடையைப் பார்த்துத்தான் மாமனார் சம்மதித்தார்.

ஆறேழு வருஷம் அந்தக் கோட்டைப் போட்டேன். தோளிலும் கொலரிலும் நிறம் போய், டவுனில் தூரத்திலிருந்தே என்னை அடையாளம் கண்டார்கள். மறுபடி பாலத்தடிக்குப் போனேன். "திருப்பித் தாறேன்" என்றார் ஹமீது நானா. கோட்டைத் திருப்புவது என்றால் தெரியுமா? தையல் முழுவதையும் பிரித்து, துணியின் உள்பக்கத்தை வெளிப்பக்கமாக்கித் திரும்பத் தைப்பது. உள்பக்கம் வெயிலே காணாததால் புத்தம்புதிதாக இருக்கும். ஒரே ஒரு வில்லங்கம், திருப்பும்போது இடது வலதாகிவிடும். பொத்தான் துளையை இழை கோத்து மூடிவிடலாம். நெஞ்சுப் பொக்கெட்டின் வெட்டை ஒன்றும் செய்ய முடியாது. உலகத்தில் எல்லாருடைய கோட்டிலும் அது இடப்பக்கம் இருக்கும், திருப்பின கோட்டில் வலப்பக்கம். எனக்கு முதல் இரண்டு மாதம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே நடக்கத் தோன்றிற்று. "இதப் பாத்து விளங்கிக்கிற ஆளு யாரு? இதே மாதிரி ஒண்டு வச்சிருக்கிற ஆளுதான். அவன் வாயத் தொறக்க மாட்டான்" என்றார் நானா. வேறு யார் யார் திருப்பியிருக்கிறார்கள் என்று வம்புக்காக எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். ஊசியைக் கவ்விக்கொண்டார்.

சென்ற ஞாயிறு பெண் வீட்டார் நம் வீட்டுக்கு வந்தார்கள். பிலோமினாவின் அப்பா ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றி நீ பயந்து எழுதியிருக்கிறாய். பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வெடுத்தவர், பூர்வீகம் யாழ்ப்பாணம், வீட்டில் கிராமபோன் இருக்கிறது, எல்லாம் உண்மைதான். நானும் பயந்துதான் இருந்தேன். அந்தச் சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு, வலப்பக்கத்தை மறைக்கிற மாதிரி ஒருச்சாய்த்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் கருநீலக் கோட்டில் வந்தார், அவரும் ஒருச்சாய்த்தே உட்கார்ந்தார். வயதான மனுஷர், இடுப்பு வலியாக்கும் என்று நினைத்தேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். சூட்டில் அவருக்கு வியர்த்தது. இடது கையை வலது நெஞ்சுக்குக் கொண்டுபோய் லேஞ்சியை உருவினார்.

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார். பிறகு என் நெஞ்சைப் பார்த்தார்.

"நல்ல துணி" என்றார் மெதுவாக.

"ஒங்களதும் நல்ல துணிதாங்க" என்றேன்.

"ஓம். கட்டுகஸ்தோட்டையிலயோ குடுத்தனீங்கள்?"

"பாலத்தடியில."

"எங்கட நானாவோ?"

"அவரேதான்."

அவர் லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது. "பாத்தியளே அந்த மனுசன, நாலு வரியமா நான் கேக்கிறன், ஒருத்தற்ற பேரும் சொல்லுறானில்லை" என்றார். அம்மாவும் அவர் மனைவியும் ஒன்றும் விளங்காமல் எங்களைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு பேச்சு எப்படி ஓடியது என்று கேட்காதே. ரயில், மழை, தேயிலை விலை எல்லாவற்றையும் தாண்டிப் போனது. புறப்படும்போது படியில் நின்று அவர் சிரிப்பை விட்டுவிட்டு, "தம்பியை வரச்சொல்லுங்கோ. போனமுறை வரேல்லை எண்டதும் பிள்ளை ரெண்டு நாள் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை" என்றார். மகனே, கதிரை வைத்துக்கொண்டு பஸ் சத்தத்துக்கு எட்டிப் பார்க்கிற ஆள் அந்த வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வருகிறது. மேலே கிடக்கிற மாசிச் சம்பலை எடுத்துவிட்டுக் கீழே பார், கோட்டு இருக்கும். நீ நத்தார் திருநாளுக்கு லீவில் வந்தபோது அம்மா உன் முதுகையும் தோளையும் அளந்தது கம்பளிச் சட்டை பின்னத்தான். அந்த அளவோடு நான் திங்கட்கிழமை பாலத்தடிக்குப் போனேன். ஹமீது நானா ஒரே ராத்திரியில் உள்ளே மடித்து வைத்த துணியையெல்லாம் அவிழ்த்து விட்டிருக்கிறார். துரைக்குத் தைத்தது, எனக்குச் சுருங்கி, உனக்கு விரிந்திருக்கிறது. பொக்கெட்டின்மேல் ஒரு துண்டு வைத்து மறைத்துத் தரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அது வலப்பக்கமே இருக்கட்டும். ஒரு வெள்ளை லேஞ்சியை மடித்து அதில் வை. ஸ்டேஷன் மாஸ்டர் உன் நெஞ்சைத்தான் முதலில் பார்ப்பார். பார்த்தபிறகு உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்.

அப்படியானால் உங்களுக்குக் கோட்டு என்று கேட்பாய். எனக்கு இல்லை. வேறு தைக்கப் போவதுமில்லை. அம்மா பெட்டியிலிருந்து என் பட்டுக்கரை வேட்டியையும் சால்வையையும் எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள், போட்டுவிட்டு, புசல்லாவைக் கலியாணத்துக்கு இப்போதாவது புறப்பட்டேனே என்று தனக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். புசல்லாவை மாமாவும் அன்று வருகிறார். காலை ரயிலில் கண்டிக்கு வந்து கட்டுகஸ்தோட்டை பஸ்ஸைப் பிடி. பாலத்தடியில் இறங்கினால் வேட்டி சால்வையோடு ஒரு குட்டை மனிதர் ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அது நான்தான். கோட்டில்லாமல் அடையாளம் தெரியவில்லை என்று தாண்டிப் போய்விடாதே.

உன் வருகையை எதிர்பார்த்து நிற்கும்,
அப்பா